இரண்டு மாநிலங்களில் ஃபெடரல் வழக்கு: எங்கே சறுக்குகிறார்கள்?

2019 மார்ச் 25 அன்று, அமெரிக்க வழக்கறிஞர் மைக்கேல் அவெனாட்டி மீது நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் ஒரே நாளில் ஃபெடரல் வழக்குகள், அதாவது அமெரிக்க மத்திய அரசு தொடுக்கும் வழக்குகள், வெளியாயின. நியூயார்க்கில் நைக்கி நிறுவனத்தை மிரட்டிப் பணம் பறிக்க முயன்றார் என்று. கலிஃபோர்னியாவில் கட்சிக்காரரின் பணத்தைக் கையாடினார் என்று. இப்படி இரு பக்கமும் மாட்டிக்கொள்பவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: இரண்டு வழக்கையும் சேர்த்துப் பார்க்க யாரையும் வைத்துக்கொள்வதில்லை.

"ஒரே ஃபெடரல் அரசுதானே, இரண்டு முறை எப்படி வழக்குப் போடலாம்?" என்று பலர் கேட்கிறார்கள். அதே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்க முடியாது, சரி. ஆனால் குற்றங்கள் வேறு வேறாக இருந்தால் இந்த வாதம் நிற்காது.

பெரிய சறுக்கல் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தில் நடக்கிறது. அமெரிக்க ஃபெடரல் நீதித்துறையில் 94 நீதிமன்ற மாவட்டங்கள் உண்டு. அரசு வழக்கறிஞர் அலுவலகங்கள் தனித்தனியே முடிவெடுக்கின்றன. ஓர் அலுவலகம் "இனி உங்கள் மேல் வழக்கு இல்லை" என்று எழுதிக் கொடுத்தால், தெளிவாக வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது அந்த மாவட்டத்தை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று நியூயார்க் அடங்கிய இரண்டாவது சுற்று (பல மாவட்டங்கள் சேர்ந்த வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் சொன்னது. வேறு சுற்றுகளில் பார்வை மாறலாம், ஆனால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொரு மாநிலத்தின் பெயரும் வழக்கும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

முன்னாள் அமெரிக்க அதிபர் ஜோ பைடனின் மகன் ஹண்டர் பைடன் வழக்கைப் பாருங்கள். 2023 ஜூலை 26 அன்று டெலவேர் நீதிமன்றத்தில், ஒப்பந்தம் தரும் 'இனி வழக்கு இல்லை' என்ற பாதுகாப்பு எதுவரை செல்லும் என்று நீதிபதி கேட்டார். இரு தரப்பும் வேறு வேறு பதில் சொன்னதும் ஒப்பந்தம் உடைந்தது. அப்புறம் டெலவேரில் துப்பாக்கி வழக்கு, கலிஃபோர்னியாவில் வரி வழக்கு என்று இரண்டாகப் பிரிந்தது. 2024 ஜூன் மாதத்திலேயே இரண்டு விசாரணைக்கும் தேதி குறித்திருந்தார்கள்; ஹண்டர் தரப்பு கேட்ட பிறகுதான் வரி வழக்கு செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. தேதி மோதினால் நீதிமன்றமே கவனித்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது. 70 நாளில் விசாரணை தொடங்க வேண்டும் என்ற விதியும் கைகொடுக்காது: வேறொரு வழக்கின் விசாரணையால் வரும் தாமதம் அந்தக் கணக்கில் சேராது.

இரண்டு வழக்கையும் ஒரே இடத்தில் முடிக்க ஃபெடரல் குற்றவியல் நடைமுறை விதி 20 வழி தருகிறது. ஆனால் அது குற்றத்தை ஒப்புக்கொள்ள அல்லது மறுக்காமல் விட விரும்புபவருக்கு மட்டும். எழுத்து மூலம் சம்மதம் வேண்டும், இரு மாவட்ட அரசு வழக்கறிஞர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். மாற்றிய பின் "நான் குற்றவாளி இல்லை" என்றால் வழக்கு பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

வாயைத் திறப்பதில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு நீதிமன்றத்தில் சத்தியம் செய்து ஒப்புக்கொள்வது, இன்னொன்றில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகும். சிறைத் தொலைபேசி அழைப்புகள் பதிவாகின்றன. இரண்டாவது மாநிலத்தில் இன்னும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை என்றால், முதல் வழக்கில் வக்கீல் இருப்பது அங்கே உங்களைக் காக்காது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தம் தரும் வக்கீல் உரிமை அந்தந்தக் குற்றத்துக்கு மட்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாரிகள் எதைக் கேட்டாலும் "வக்கீல் இல்லாமல் பேச மாட்டேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். குடியுரிமை இல்லாதவர்கள் ஒப்புக்கொள்ளும் முன் நாடு கடத்தப்படும் ஆபத்தையும் வக்கீலிடம் கேட்டாக வேண்டும்.

கடைசியில் தண்டனை. வெவ்வேறு நேரத்தில் விதிக்கப்படும் தண்டனைகள், நீதிபதி ஏககாலத்தில் என்று உத்தரவிடாவிட்டால், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். அவெனாட்டிக்கு நியூயார்க் வழக்குகளில் மொத்தம் 5 ஆண்டு. 2022 டிசம்பரில் கலிஃபோர்னியா நீதிபதி 14 ஆண்டு விதித்து, அது அந்த 5 ஆண்டுக்குப் பிறகே தொடங்கும் என்றார். மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை 2024இல் ரத்தாகி, மறுபடி நிர்ணயிக்கத் திரும்பியது. எனவே இரண்டாவது நீதிபதியிடம் "ஏககாலத்தில்" என்ற சொல்லை வெளிப்படையாகக் கேட்கச் சொல்லுங்கள். காவலில் கழித்த நாளையும் எண்ணி வையுங்கள்: ஒரு தண்டனையில் கணக்கில் எடுத்த காவல் நாளை இன்னொன்றில் மறுபடி குறைக்க மாட்டார்கள், அந்தக் கணக்கைப் போடுவதும் நீதிபதி அல்ல, சிறைத்துறை.