பேரலில் பழுத்த புளிப்பு பீர்: ருசிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

போன டிசம்பரில் பெங்களூர் அல்சூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பாட்டிலைத் திறந்தோம். பிரஸ்ஸல்ஸிலிருந்து ஸ்வெட்டருக்குள் சுற்றிக் கொண்டுவந்த 750 மில்லி கூஸ், பேரலில் பழுத்த பெல்ஜியப் புளிப்பு பீர். ஊற்றியதுமே இரண்டு பேர் முகத்தைச் சுளித்து, “கெட்டுப்போச்சுடா இது” என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டார்கள். குடிப்பழக்கமே இல்லாத நண்பரின் அப்பா அந்த கிளாஸை வாங்கி முகர்ந்து பார்த்தார். “வேலூர்ல ஜட்கா வண்டி நிக்கிற எடத்துல இதே வாசனைதான் வரும்பா” என்றார். அன்றைக்கு அந்த பீரைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர்தான்.

குதிரை மேல் போர்த்திய கம்பளி, தொழுவம், தோல் வார். பீர் ருசிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் இந்த வாசனையை இப்படித்தான் வர்ணிப்பார்கள். இதைத் தருவது ப்ரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளாசன் 1904ல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். கூஸுக்கு அடிப்படையான, பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் பீருக்கு யாரும் ஈஸ்டை அளந்து போடுவதில்லை. கொதித்த மால்ட் (முளைகட்டிய தானியம்) சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து வைப்பார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் தானாக வந்து சேரும். வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் பெருகிவிடும் என்பதால் சுமார் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் இந்த வேலை. அப்புறம் ஓக் பேரலில் ஒன்றிலிருந்து மூன்று வருடம் கிடக்கும். ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் அதுதான் கூஸ்.

இவ்வளவு காலம் பொறுத்திருந்து வந்த ஒன்றுக்கு முதல் வாயிலேயே தீர்ப்பு எழுதுவதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு. முதல் வாயில் நாக்குக்குப் புளிப்பு மட்டும்தான் தெரியும். எச்சில் ஊறி, தாடை கூசும். பசியோடு புளிமிட்டாயைக் கடித்த மாதிரி. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். மூன்றாவது வாயில் புளிப்பு பின்னால் நகர்ந்து, எலுமிச்சைத் தோல், காய்ந்த வைக்கோல், மரத்தின் துவர்ப்பு என்று ஒவ்வொன்றாக வரும். அன்று மாடியில் கிளாஸைத் தள்ளி வைத்த இருவரில் ஒருவர் அரை மணி நேரம் கழித்து மறுபடி ருசித்துவிட்டு மீதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

புளிப்பு எல்லாம் ஒன்று என்று நினைப்பது அடுத்த தவறு. நமக்கு இது சுலபமாகப் பிடிபட வேண்டும். தயிரின் புளிப்பும் இட்லி மாவின் புளிப்பும் பெரும்பாலும் லாக்டிக் அமிலம்; வினிகரின் புளிப்பு அசிட்டிக் அமிலம். தொண்டையில் இரண்டும் வேறு வேறு விதமாக இறங்கும். நல்ல லாம்பிக்கில் தயிர்ப் புளிப்பு முன்னால் நிற்கும். பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதிச் சிவப்பு பீரில் வினிகர் சாயல் கொஞ்சம் உண்டு, அது அதன் குணம். அந்த வகை பீர் செய்யும் ரோடன்பாக் ஆலையில் பெரிய ஓக் தொட்டிகளில் இரண்டு வருடம் கிடந்த பீரோடு இளம் பீரைக் கலந்துதான் அந்தப் புளிப்பை அளவுக்குக் கொண்டுவருகிறார்கள்.

அதே நேரம், புளிப்பு பீர் என்றால் எப்படி இருந்தாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளவும் கூடாது. முகர்ந்ததும் மூக்கில் குத்தும் வினிகர், நெயில் பாலிஷ் வாடை, நனைந்த அட்டைப்பெட்டி வாடை, இவை மேலோங்கி நின்றால் கோளாறுதான். பெரும்பாலும் காற்று அதிகமாகப் புகுந்ததன் விளைவு. பேரல் மரத்தின் வழியாகக் காற்று கசிவது பீருக்கு நல்லது, ஆனால் அளவோடு. பேரலில் கிடக்கும்போது நடுவில் சில மாதம் பெடியோகாக்கஸ் பாக்டீரியாவால் பீர் வெண்டைக்காய்ச் சாறு மாதிரி நூல் விட்டு வழவழப்பாகிவிடுவதும் உண்டு. அதைக் கொட்டிவிடாமல் காத்திருந்தால், ப்ரெட்டனோமைசிஸ் மெல்ல மெல்ல அந்த வழவழப்பைச் சரிசெய்துவிடும். எனக்கு இந்த பீர் மேல் மரியாதை வந்தது இதைத் தெரிந்துகொண்ட நாளில்தான்.

பெங்களூரில் பீர் என்றாலே ‘சில்லுன்னு’ கொண்டுவரச் சொல்லிப் பழகிவிட்டோம். லாகர் என்ற வழக்கமான பாட்டில் பீருக்கு அது சரி. இதை ஐஸ் மாதிரி குளிர்வித்தால் வாசனை அடங்கிப்போய் புளிப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்து, 10 முதல் 13 டிகிரிக்குள் குடிக்கலாம். டிசம்பர் மாடியில் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். ஏப்ரலில் இருபது நிமிடமே அதிகம். ஸ்டீல் டம்ளரும் கைப்பிடி வைத்த மக்கும் வேண்டாம், ஒயின் கிளாஸ் போதும். அதில் சோப்பு வாடை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட வைக்கும் தட்டு இன்னொரு சிக்கல். மசாலா வேர்க்கடலை, சிக்கன் 65, மாங்காய் ஊறுகாய் எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் மிளகாய் எரிச்சலின் மேல் அமிலம் பட்டால் நாக்கு வேறு எதையும் சொல்லாது. காரம் குறைத்து வறுத்த மீன், வெறும் முந்திரி, ஆட்டுப்பால் சீஸ் கிடைத்தால் அது. நடுநடுவே ஒரு பிடி பொரியும் தண்ணீரும். கசப்பான ஐபிஏ வகை பீர் குடித்த கையோடு இதற்கு வரவும் வேண்டாம்.

மைக்ரோப்ரூவரி மெனுவில் ‘சவர்’ (புளிப்பு) என்று பார்த்ததும் பேரல் பீர் என்று எண்ணி ஏமாறுகிறவர்களும் உண்டு. அங்கே கிடைப்பது பெரும்பாலும் கெட்டில் சவர்; அது லாக்டோபாசிலஸ் பாக்டீரியா போட்டு ஓரிரு நாளில் புளிக்கவைத்து, பிறகு சாதாரண ஈஸ்டால் முடிப்பது. மோர் மாதிரி சுத்தமான புளிப்பு, நல்ல பீர். மர வாசனையை மட்டும் அதில் தேடாதீர்கள். கோஸா என்று இருந்தால் அது கூஸ் இல்லை, உப்பும் கொத்தமல்லி விதையும் போட்ட ஜெர்மன் வகை. எத்தனை மாதம் பேரலில் இருந்தது என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

புளிப்பு ஆல்கஹாலை மறைத்துவிடும். கூஸ் சாதாரணமாக 5, 6 சதவீதம்தான் என்றாலும் சில பேரல் பீர்கள் அதற்கு நன்றாகவே மேலே போகும். ஜூஸ் மாதிரி இறங்குகிறதே என்று வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம், பைக் சாவியையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்திராநகருக்கும் எம்.ஜி. ரோட்டுக்கும் மெட்ரோ இருக்கிறது.

கடைசியாக ஒன்று. குடித்து முடித்ததும் கிளாஸை உடனே கழுவப் போட்டுவிடாதீர்கள். அன்று எல்லோரும் சாப்பிட இறங்கிப் போன பிறகு, மாடியில் இருந்த காலி கிளாஸ் ஒன்றை எடுத்து முகர்ந்தேன். குதிரை லாயம் போய்விட்டிருந்தது. அடியில் ஒட்டியிருந்த ஈரத்தில் புதிதாக இழைத்த மரத்தின் வாசனை, கூடவே லேசாக வெனிலா. நண்பரின் அப்பாவைக் கூப்பிட்டு அதையும் கொடுத்தேன்.