சர்க்கரை நோயாளியின் எண்ணத்தைச் செவிலியர் கேட்டறிவது எப்படி?

மாதந்தோறும் வந்து மாத்திரை வாங்கிச் செல்பவர் அதைத் தவறாமல் உட்கொள்கிறார் என்றோ, சர்க்கரை அளவு குறையாதவர் சொன்ன பேச்சைக் கேட்காதவர் என்றோ ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் முடிவு கட்டிவிடுவது எளிது. தம் நோயைப் பற்றி நோயாளி என்ன நம்புகிறார் என்று கேட்காதவரை அந்த முடிவு நம்முடைய ஊகம் மட்டுமே.

ஆகவே அறிவுரையைத் தொடங்கும் முன் கேளுங்கள். அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளெய்ன்மேனும் அவருடைய சகாக்களும் 1978இல் எழுதிய கட்டுரை வழியே பரவிய வினாக்கள் இதற்கு இன்றும் உதவுகின்றன. அவற்றை நம் பேச்சில், "உங்களுக்குச் சுகர் எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க, ஐயா? இதுல உங்களுக்கு எது பயமா இருக்கு?" என்று கேட்கலாம். கேட்டபின் சற்றுப் பொறுத்திருங்கள்; உடன் வந்த மகனோ மருமகளோ முந்திக்கொண்டு பதில் சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு மீண்டும் நோயாளியிடமே திரும்புங்கள்.

நோயின் காரணம், அறிகுறி, விளைவு, காலம், கட்டுப்பாடு ஆகிய ஐந்தையும் பற்றி நோயாளிக்கு ஓர் எண்ணம் இருக்கும். அவற்றுள் காலத்தைப் பற்றிய எண்ணத்தையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். தலைசுற்றலும் சோர்வும் நீங்கியதும் நோயும் நீங்கிவிட்டது என்று நம்புபவர், மாத்திரையை நிறுத்துவதைத் தவறாக எண்ணமாட்டார். சர்க்கரை நோயோ பல ஆண்டுகள் அறிகுறியே இல்லாமல் உடலுக்குள் இருக்கக்கூடியது. இன்சுலின் ஊசியைக் கடைசிக் கட்டத்தின் அடையாளமாக அஞ்சுபவரிடம் ஊசி போடும் முறையை மட்டும் விளக்கினால், அந்த அச்சம் அப்படியே இருக்கும்.

அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே நோட்டில் குறித்து, "நான் புரிஞ்சுகிட்டது சரியா?" என்று வாசித்துக் காட்டுங்கள். நாம் புரிந்துகொண்டது தவறானால் அவரே திருத்துவார்.

"மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்" என்பவரிடம் வாதிட வேண்டாம். அக்கம்பக்கத்தில் யாருக்கேனும் அப்படி நேர்ந்ததைப் பார்த்தாரா என்று கேட்டுவிட்டு, நெடுநாள் கட்டுப்படாத சர்க்கரையே சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதையும், சிறுநீரகத்தின் நிலையைப் பரிசோதித்தே மருத்துவர் மருந்தின் அளவை முடிவு செய்கிறார் என்பதையும் பொறுமையாக விளக்குங்கள். பாகற்காய்ச் சாறு குடிப்பதாகச் சொன்னால் கடிந்துகொள்ளாமல், மாத்திரையையும் சேர்த்து உட்கொள்கிறாரா என்று விசாரித்து மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை மறைத்துவிடுவார்.

ரத்தச் சர்க்கரையின் ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையின் முடிவு வரும் நாளில் அதே வினாக்களை மீண்டும் கேட்டு, பழைய குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.