குவானஹுவாட்டோவில் சில மாதங்கள்: தட்டையாகக் கணக்குப் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

மெக்சிகோவின் குவானஹுவாட்டோவில் சில மாதம் தங்க வருகிறவர்கள் பலர் முதல் தவறை ஊருக்கு வருவதற்கு முன்பே செய்துவிடுகிறார்கள். கைப்பேசி வரைபடத்தில் வீட்டிலிருந்து நகர மையத்துக்கு நானூறு மீட்டர்தான் என்று பார்த்ததும் முன்பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். அந்த நானூறு மீட்டரில் எத்தனை படி என்று வரைபடம் சொல்லாது.

வெள்ளிச் சுரங்கங்களுக்காக ஒரு பள்ளத்தாக்குக்குள் நெருக்கியடித்து எழுந்த ஊர் இது. உயரம் சுமார் 2,000 மீட்டர். அடிவாரத்தில் தேவாலயங்களும் நாடக அரங்கும் சதுக்கங்களும். இருபுறச் சரிவிலும் வண்ண வண்ண வீடுகள். அந்த வீடுகளுக்குப் போவது பெரும்பாலும் தெரு வழியாக அல்ல, காயெஹோன் என்கிற படிக்கட்டுச் சந்து வழியாக. வண்டி போகாது. சிமெண்ட்டும் மணலும் கழுதை முதுகில் ஏறுவதை இன்றும் பார்க்கலாம். உங்கள் இரண்டு பெட்டிகளுக்கும் அதே பாதைதான். ஆகவே வீட்டுக்காரரிடம் ‘மையத்திலிருந்து எவ்வளவு தூரம்’ என்று கேட்காதீர்கள். ‘டாக்சி எதுவரை வரும், அங்கிருந்து எத்தனை படி, ஏற்றமா இறக்கமா’ என்று கேளுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஊரைச் சுற்றி மலைமேல் பனோராமிக்கா என்ற சாலை வளைந்து போகிறது. அதற்குச் சற்றுக் கீழே உள்ள வீடு, வரைபடத்தில் தொலைவாகத் தெரிந்தாலும், நடுச்சரிவில் உள்ள வீட்டைவிடச் சிறந்தது என்பேன். காலையில் கீழே இறங்கி வேலையைப் பார்த்துவிட்டு, காய்கறிப் பையோடு டாக்சியில் மேலே போய் இறங்கி, பத்துப் படி கீழே வந்தால் வீடு. நடுச்சரிவுக்காரருக்கு மேலேயும் வண்டி இல்லை, கீழேயும் இல்லை.

சரி, வீடு அமைந்தது. அடுத்து தண்ணீர். குழாய்த் தண்ணீரை ஊர்க்காரர்களே குடிப்பதில்லை. கர்ராஃபோன் எனப்படும் 20 லிட்டர் கேன்தான். அதை ஓர் ஆள் தோளில் வைத்து, மூச்சு வாங்காமல் உங்கள் வாசல்வரை ஏற்றிக்கொண்டு வருவார். கேனுக்கு உரிய காசை மட்டும் எண்ணிக் கொடுத்து அனுப்புவது அழகல்ல. சில பெசோ சேர்த்துக் கொடுங்கள். காலி கேன் கையில் இல்லாவிட்டால் அதற்கும் தனியாகப் பணம் கேட்பார்கள். குளிக்க, துவைக்க மொட்டைமாடி டினாகோ தொட்டி. மேட்டு வீடுகளில் குழாயில் தண்ணீர் எல்லா நேரமும் வரும் என்று நினைக்க வேண்டாம். தொட்டி தீர்ந்தால் தீர்ந்ததுதான். வீடு பார்க்கப் போகும்போது ஷவரைத் திறந்துவிட்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். வெந்நீர் கேஸில் ஓடுவது. பல பாய்லர்களில் சின்னச் சுடர் எரிந்துகொண்டே இருக்க வேண்டும், காற்றடித்தால் அணைந்துவிடும். அதை மறுபடி பற்றவைக்க முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் கழிவறைக் காகிதத்தைக் கழிவறைக் கோப்பைக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போடும் வழக்கத்தையும் மீறாதீர்கள், குழாய்கள் குறுகல்.

நம்மவர்கள் தவறாமல் செய்யும் ஒன்று, ஊரிலிருந்து மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போவது. அங்கே மின்சாரம் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 230 வோல்ட் மிக்ஸி முனகும், அரைக்காது. அங்கேயே ஒரு பிளெண்டர் வாங்குவது மேல். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும். குக்கர் இல்லாமல் சமாளிக்க முடியாது. துவரம்பருப்பும் கறிவேப்பிலையும் சந்தையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். புளி, கொத்தமல்லி, சீரகம் தாராளம். மிளகாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இறைச்சி இல்லை என்ற பதிலோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பும், சாதத்தில் கோழிச் சாறும் சேர்ப்பது சகஜம். ‘மாண்டேகா’, ‘கால்டோ தே போயோ’ இரண்டையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள். பெரிய சாப்பாடு அங்கே மதியம் இரண்டு மணிக்கு மேல்தான். பன்னிரண்டரைக்குப் பசியோடு போய் உட்கார்ந்தால் அடுப்பில் இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கும். 500 பெசோ நோட்டோடு சின்னக் கடைக்குப் போகாதீர்கள். சில்லறை இல்லை என்று கையை விரிப்பார்கள்.

ஊருக்குள் கார் வைத்துக்கொள்வது வீண். குவானஹுவாட்டோ ஆறு அடிக்கடி ஊரை மூழ்கடித்தது; 1905 வெள்ளம் மிக மோசம். ஆற்றைத் திருப்பிவிட்ட பிறகு அதன் பழைய படுகை 1960களில் தரையடிச் சாலையானது. வேறு சுரங்கப் பாதைகளும் சேர்ந்து இப்போது போக்குவரத்தில் பெரும்பகுதி பூமிக்கடியில்தான். உள்ளே ஜிபிஎஸ் சிக்னல் போய்விடும், பெரும்பாலும் ஒருவழி, திருப்பம் தப்பினால் மலையைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். பேருந்து நிறுத்தங்கள் சிலவும் சுரங்கத்துக்குள் இருக்கின்றன, தெருவிலிருந்து படி இறங்கிப் போக வேண்டும். மேலே தெருவோரம் நின்று பேருந்துக்குக் காத்திருக்கும் புதியவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். பேருந்து எண்ணைத் தேடாமல் அதன் முன்கண்ணாடியில் எழுதியிருக்கும் இடப்பெயரைப் படியுங்கள்.

குளிரைப் பற்றிய தவறு வேறு மாதிரி. மெக்சிகோதானே, வெயில் ஊர் என்று பருத்தி உடையோடு வருகிறார்கள். டிசம்பர், ஜனவரிப் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ராத்திரி ஸ்வெட்டர் கேட்கும். வீடுகளில் ஹீட்டர் பெரும்பாலும் இருக்காது, கல் சுவர் வேறு. கம்பளி எத்தனை தருவார்கள் என்று முன்பே கேளுங்கள். மழை ஜூன் முதல் செப்டம்பர்வரை. நனைந்த கல் படியில் வழவழப்பான செருப்பு ஆபத்து.

சத்தத்தையும் தட்டையாகக் கணக்கிடுகிறார்கள். பள்ளத்தாக்கில் கீழே வாசிப்பது மேலே கேட்கும். இரவில், அதிலும் வாரக்கடைசியில், பழங்கால ஸ்பானிய உடையில் பாட்டுக்குழுக்கள் சந்து சந்தாகக் கூட்டத்தை அழைத்துப் போகும் காயெஹோனியாடா நடக்கும். ஒருமுறை பார்க்க அருமை, ஜன்னலடியில் தினமும் கேட்க அல்ல. அப்புறம் மாடி நாய்கள், விழா வெடிகள். அக்டோபரில் 1972 முதல் நடந்துவரும் செர்வாண்டினோ கலைவிழாவின்போது அறை கிடைப்பதே கஷ்டம். அந்த மாதத்துக்கும் அதே வாடகைதான் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, மலையோடு சம்பந்தமில்லாத ஒன்று. பார்வையாளராக நுழைபவருக்கு 180 நாள்வரை கிடைக்கலாம்; கிடைத்தே தீரும் என்றில்லை. அதிகாரி குறித்த நாளைக் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பாருங்கள், உள்ளே போனபின் அதை நீட்டிக்க வழியில்லை. அதற்கு மேல் தங்குவதானால், தற்காலிகக் குடியிருப்பு விசாவை வெளிநாட்டிலுள்ள மெக்சிகோ தூதரகத்தில் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். அந்த விசாவில் வந்தவர்கள் 30 நாளுக்குள் குடியிருப்பு அட்டைக்குக் குடிவரவு அலுவலகம் போக வேண்டும்.