கடல் தாண்டிப் போன ராணுவக் கணவருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

முதலில் கடிதத்தின் மூலையில் வரிசை எண் போடுங்கள். ராணுவத் தபால் மொத்தமாகச் சேர்ந்து போகும். முன்னே எழுதியது பின்னே வரும். எண் இல்லையென்றால் சமாதானக் கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்பட்டவர் கையில் மறுநாள் சண்டைக் கடிதம் கிடைக்கும்!

முகவரியில் பெயர், பதவி, படைப்பிரிவு, ராணுவத் தபால் எண் என்று அவர் எழுதித் தந்தபடியே இருக்கட்டும். அவர் இருக்கும் நாட்டின் பெயரைச் சேர்த்தால் கடிதம் அந்த நாட்டுத் தபாலில் மாட்டி அலையும். அவர் எங்கே, எப்போது நகர்கிறார் என்பதும் உள்ளே வேண்டாம்.

சரி, என்ன எழுதுவது? "உங்கள் நினைவாகவே இருக்கிறேன்" என்று பக்கம் பக்கமாக எழுதினால் எனக்கே அலுத்துவிடும். அன்றைக்கு நடந்ததை எழுதுவேன். அவருடைய பழைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒட்டடை அடித்தபோது பொத்தான் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. அதையே ஓர் அட்டைத் துண்டில் தைத்து அனுப்பினேன். சும்மா போட்டால் உறை கிழியும். "சட்டை எனக்கா, உனக்கா?" என்று பதில் வந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை.

வாசனைத் தைலம் தெளிக்காதீர்கள், மை ஊறிவிடும். அவசரச் செய்திக்கு போன்தான்.