சென்னைக்கு அருகே, தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம் பக்கம் வாடகைக்கு விட வீடு வாங்க

விலையை விட்டுவிட்டு வாடகையில் கணக்கைத் தொடங்குங்கள். 30 லட்சம் வீடு, மாதம் 12,000 வாடகை என்றால் 12 மாதமாகப் பெருக்காதீர்கள். ஆள் மாறும் இடைவெளி, பெயின்ட், மோட்டார் ரிப்பேர் எல்லாம் போக 10 மாதம்தான் கைக்கு வரும். 1.2 லட்சம், அதாவது 4%. வங்கி வட்டியே அதைவிட அதிகம்.

தொழிற்சாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் தெருவில் போய் நில்லுங்கள். கம்பெனி பஸ் எங்கே ஆளை இறக்குகிறது? அங்கிருந்து பத்து நிமிட நடைக்குள் வீடு இருக்கட்டும்.

சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குப் போடுங்கள். பட்டா மட்டும் போதாது, ஏரிகள் நிறைந்த பகுதி இது. புல எண்ணை (சர்வே நம்பர்) அ-பதிவேட்டில், அதாவது கிராம நிலப் பதிவேட்டில் பார்த்தால், அது ஏரி, குளத்துக்கான அரசு நிலமா (நீர்நிலைப் புறம்போக்கா) என்பது தெரியும். மழைக்காலத்தில் ஒருமுறை போய், சுவரில் ஈரக்கோடு எத்தனை அடியில் நிற்கிறது என்று பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் சொல்லும்.

வீட்டைப் பிரித்து போர்ஷன் போர்ஷனாக விட்டால் தனித்தனி மீட்டர் வேண்டும். இல்லையென்றால் மாதாமாதம் கரண்ட் பில் சண்டைதான்.