சேப்பிங் மிஷினா, மில்லிங்கா? எந்த ஜாப்ப எதுல கட்டணும்

சேப்பிங்ல பிட்டு (வெட்டுற உளி) முன்ன பின்ன போயி ஜாப்ப, அதாவது வெட்ட வேண்டிய இரும்ப, சீவும்; மில்லிங்ல பல்லு வச்ச கட்டர் சுத்தி வெட்டும். நிறைய பட்டறையில ரெண்டும் பக்கத்து பக்கத்துலதான் நிக்கும், ஆனா புதுசா வர்ற பசங்க எந்த ஜாப்பா இருந்தாலும் நேரா மில்லிங்லதான் கட்டுவாங்க, சேப்பிங் மேல வேஸ்ட் துணியும் டீ கிளாசும் உக்காந்திருக்கும். சேப்பிங் ஸ்லோனு ஒரு நெனப்பு, அவ்ளோதான்.

கணக்கு போட்டே பாத்துடலாம். 200க்கு 100 எம்எம் எம்எஸ் (சாதா இரும்பு, மைல்ட் ஸ்டீல்) பிளேட்டு, மேல ஒன்றரை எம்எம் எடுக்கணும். சேப்பிங்ல ஸ்ட்ரோக் (பிட்டு ஒரு தடவ போற தூரம்) 225, நிமிஷத்துக்கு 60 ஸ்ட்ரோக், ஃபீடு (ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ஜாப் பக்கவாட்டுல நகர்றது) அரை எம்எம்னா மொத்தம் 200 ஸ்ட்ரோக், மூணரை நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும். அதையே 20 எம்எம் ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எண்ட் மில்லுல, அதாவது நுனியிலயும் பக்கத்துலயும் வெட்டுற கட்டர்ல, ஓட்டுனா 400 ஆர்பிஎம், நாலு பல்லு, பல்லுக்கு 0.1னு வச்சா டேபிள் நிமிஷத்துக்கு 160 எம்எம் போகும், ஏழு தடவ ஓட்டணும், பத்து நிமிஷம் ஆயிடும். 50 எம்எம் இன்சர்ட் கட்டர் (கார்பைடு பல்ல கழட்டி மாட்டுறது) இருக்கு, மிஷினும் கெட்டியா இருக்குனா மில்லிங் ரெண்டு நிமிஷத்துல முடிச்சிரும், அது வேற கதை.

வார்ப்பு ஜாப்னா, அதான் நம்ம கோயமுத்தூர் பக்கம் பம்பு பாடி, மோட்டார் பேஸ்னு வருதே அது, யோசிக்காம சேப்பிங்ல போடுங்க. மேல்தோல்ல மண்ணு ஒட்டியிருக்கும், கெட்டியாவும் இருக்கும், எண்ட் மில் போட்டா பல்லு மழுங்கிரும். சேப்பிங்ல பிட்டு மழுங்குனா கிரைண்டர்ல புடிச்சு அஞ்சு நிமிஷத்துல தீட்டிக்கலாம். மொத கட்டே தோலுக்கு கீழ போற மாதிரி ஆழமா குடுங்க, மேலாப்புல உரசுனா பிட்டு சீக்கிரம் போயிரும். புல்லி உள்ள கீ-வே (ஷாஃப்ட்டோட சேத்துப் பூட்டுற கீ உக்கார்ற காடி) போடறதும் சேப்பிங்தான், நீட்டு பார்ல பிட்ட கட்டி எடுத்துரலாம், ஸ்லாட்டிங் அட்டாச்மெண்ட் (பிட்ட மேல கீழ ஓட்டுற துணைக்கருவி) இல்லாத மில்லிங்ல அதுக்கு வழியே இல்ல.

ஷாஃப்ட் நடுவுல ரெண்டு பக்கமும் மூடுன கீ-வே, பாக்கெட் (ஜாப் மேல தோண்டுற குழி), டிவைடிங் ஹெட்ல (ஜாப்ப சம பாகமா திருப்பி நிறுத்துற கருவி) வெக்கற கியர் பல்லு இதெல்லாம் மில்லிங்.

சேப்பிங் செட்டிங்ல ஸ்ட்ரோக்க ஜாப் நீளத்தவிட 25 எம்எம் கூட வைங்க, அதுல பின்னாடி 15, முன்னாடி 10. பின்னாடி எடம் பத்தலைனா கிளாப்பர் (திரும்பி வரும்போது பிட்ட தூக்கி விடற கீல்) உக்கார்றதுக்குள்ள பிட்டு ஜாப்ல இடிச்சு மூக்கு ஒடஞ்சிரும். ஃபீடு, ராம் (பிட்ட தாங்கி முன்ன பின்ன ஓடற பாகம்) திரும்பி வரும்போது விழுதான்னும் பாத்துக்கோங்க. ஓடறப்ப ராமுக்கு நேரா நிக்காதீங்க, சூடான சில்லு நேரா மூஞ்சிக்குதான் வரும்.

மில்லிங்ல பழைய மிஷினா இருந்தா கட்டர் சுத்தறதுக்கு எதிர்ல ஜாப்ப தள்ளுங்க. அதே தெசையில விட்டா ஸ்குரூல இருக்கற லூசுக்கு டேபிள கட்டரே உள்ள இழுத்துக்கும், எண்ட் மில் காலி. செகண்ட்ஸ்ல மில்லிங் வாங்கப் போனா ஹேண்டில டேபிளோட நடுவுலயும் ஓரத்துலயும் ஆட்டிப் பாருங்க, நடுவுலதான் தேஞ்சிருக்கும், ஓரத்தவிட நடுவுல ரொம்ப ஆடுச்சுனா வெலைய நல்லா கொறச்சுப் பேசுங்க.