டெக்ஸாஸில் குடியேறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயிலுக்குத் தொப்பி வை, காரில் தண்ணீர் வைத்துக்கொள் என்றெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஃபிரிஸ்கோ, கேட்டி, சீடர் பார்க் என்று புறநகர்களில் புதிதாகக் குடியேறுகிறவர்கள் வருடா வருடம் சறுக்குகிற இடங்கள் வேறு. அதில் ஒன்று பல ஆயிரம் டாலருக்குக் கையைக் கடிக்கும். அதிலிருந்து தொடங்குவோம்.

புது வீட்டின் முதல் வருட வரியை நம்புவது

டெக்ஸாஸில் மாநில வருமான வரி கிடையாது. அதற்கும் சேர்த்துத்தான் சொத்து வரி. புதிய குடியிருப்புகளில் வீட்டு மதிப்பில் 2 சதவீதத்துக்கு மேல் போவது சகஜம். தண்ணீர், சாக்கடை வசதிக்காகப் பத்திரம் போட்டுக் கடன் வாங்கிய 'மட்' வட்டாரமாக இருந்தால் அந்த வரியும் தலையில் ஏறும்.

சிக்கல் ஜனவரி 1-இல் இருக்கிறது. அன்று மனையில் என்ன நின்றதோ அதற்குத்தான் அந்த வருட வரி. உதாரணமாக, 2025 ஜனவரியில் வெறும் மண், ஜூனில் 5 லட்சம் டாலர் வீடாகக் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனை மதிப்பு 1 லட்சம், மொத்த வரி விகிதம் 2.5 சதவீதம். அந்த வருட பில் 2,500 டாலர்தான். இதை வைத்து எஸ்க்ரோ (வரி கட்டுவதற்காக வங்கி தவணையோடு சேர்த்துப் பிடித்துவைக்கும் பணம்) கணக்குப் போட்டால் மாதம் 208 டாலர் பிடிப்பார்கள். தவணை கட்டுப்படியாகிறது என்று அந்தத் தெம்பில் இரண்டாவது காரும் வாங்குகிறார்கள்.

2026-இல் முழு வீட்டுக்கும் மதிப்பு போடுவார்கள். சலுகை எதுவும் கேட்டு வாங்கவில்லை என்றால் வரி 12,500. வருட முடிவில் வங்கி அதைக் கட்டிவிடும். கணக்கில் இருந்ததோ 2,500. பற்றாக்குறை 10,000 டாலரை அடுத்த 12 மாதத்தில் பிரித்து வசூலிப்பார்கள்: மாதம் 833. உண்மையான வரிக்கு மாதம் 1,042. ஆக 208 டாலர் பிடித்த இடத்தில் 1,875. வீடு வாங்கி ஒன்றரை வருடம் கழித்து, எல்லாம் அடங்கிய நேரத்தில் இந்தக் கடிதம் வரும். விற்பனை அலுவலகத்தில் காட்டுகிற 'மாதத் தவணை' தாளில் இது சின்ன எழுத்திலாவது இருந்தால் பெரிய விஷயம்.

செய்ய வேண்டியது இதுதான். க்ளோசிங்குக்கு (கையெழுத்துப் போட்டு வீடு உங்கள் பேருக்கு மாறும் நாள்) முன்பே, முழு வீட்டு மதிப்பை வைத்து எஸ்க்ரோ போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மாதம் 833 டாலரைத் தனிக் கணக்கில் நீங்களே ஒதுக்குங்கள். குடிபோன கையோடு டிரைவர் லைசென்ஸில் முகவரியை மாற்றி, கவுன்ட்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு (நீங்களே குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான வரிச் சலுகை) விண்ணப்பியுங்கள். லைசென்ஸ் முகவரியும் வீட்டு முகவரியும் ஒத்துப்போகவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழக்கமான கெடு ஏப்ரல் 30. பள்ளி மாவட்ட வரிக்கு வீட்டு மதிப்பில் 1,40,000 டாலர் கழியும். அதைவிடப் பெரிது, வரிக்குரிய மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது என்கிற உச்சவரம்பு. அது விலக்குக் கிடைத்த வருடத்துக்கு அடுத்த வருடம்தான் தொடங்கும் என்பதால், ஒரு வருடம் சோம்பினால் அதுவும் ஒரு வருடம் தள்ளிப்போகும். விண்ணப்பம் இலவசம். அரசுக் கடிதம் மாதிரி வந்து பணம் கேட்டால் குப்பையில் போடுங்கள்.

மதிப்பு அதிகம் என்று தோன்றினால் மே 15-க்குள் ஆட்சேபிக்கலாம் (நோட்டீஸ் தாமதமாக வந்திருந்தால் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள்). டெக்ஸாஸில் விற்பனை விலையை வெளியிடக் கட்டாயம் இல்லை. அதனால் நீங்கள் வாங்கிய விலை மதிப்பீட்டு அலுவலகம் போட்ட மதிப்பைவிடக் குறைவு என்றால் மட்டும் க்ளோசிங் தாளை நீட்டுங்கள்.

மின்சாரத் திட்டத்தை விளம்பர விலையில் எடுப்பது

ஆஸ்டினிலும் சான் அன்டோனியோவிலும் நகராட்சி மின்சாரம், தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை. டல்லஸ், ஹூஸ்டன் பக்கம் நீங்கள்தான் நிறுவனத்தைப் பிடிக்க வேண்டும். பெரிய எழுத்தில் போடும் விலை பெரும்பாலும் மாதம் சரியாக 1,000 யூனிட் செலவானால் வரும் விலை. 1,000-ஐத் தொட்டால் 100 டாலர் தள்ளுபடி என்று ஒரு வரி இருக்கும். 999-இல் நின்றால் தள்ளுபடி பூஜ்யம். ஆகஸ்டில் 2,000 தாண்டுகிற வீடு மார்ச்சில் 700-இல் நிற்கும். எலெக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள் என்கிற திட்ட விவரத் தாளில் 500, 1,000, 2,000 யூனிட் மூன்றுக்கும் விலை இருக்கும். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற திட்டமே நல்லது. ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய 14 நாளுக்குள் மாறினால் அபராதம் இல்லை. மறந்தால் மாதா மாதம் மாறும் விலையில் தள்ளிவிடுவார்கள்.

வெள்ளக் காப்பீடு வேண்டாம் என்பது

சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. 'வெள்ள மண்டலத்தில் இல்லை' என்கிற வரைபடத்தை நம்பியிருந்த எத்தனையோ வீடுகளில் 2017-இல் ஹார்வி புயலின்போது தண்ணீர் புகுந்தது. கேட்டி பக்கம் பார்க்கர் அணைக்கு மேல்பகுதியில் இருந்த பலர், தங்கள் வீடு நீர்த்தேக்கப் பரப்புக்குள்ளேயே கட்டப்பட்டது என்பதை அப்போதுதான் அறிந்தார்கள். கூட்டாட்சி அரசின் பாலிசிக்கு 30 நாள் காத்திருப்பு. வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் அது இல்லை. புயல் செய்தி வந்தபின் ஓடிப் பயனில்லை.

சாலையில் ஓடும் தண்ணீர்

ஓர் அடி ஆழம் போதும், சின்ன காரை இழுத்துக்கொண்டு போய்விடும். திரும்பிவிடுங்கள்.

டோல்

ரொக்கம் வாங்க ஆள் இருக்க மாட்டார். வாடகைக் கார் என்றால், டோலுக்கு மேல் நாள் கணக்கில் என்ன பிடிப்பார்கள் என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள்.

ஊரிலிருந்து வந்த பெற்றோரை மே, ஜூனில் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப்போவது

ஆற்றோரப் பள்ளத்தாக்குகளில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. நவம்பருக்குத் தள்ளிவையுங்கள்.